13,900 கிலோமீட்டர், 17 மணி நேரம்: இல்லாத விமானத்தின் கணக்கு



நீளமான பதிவு. கொஞ்சம் காரமாகவும் இருக்கும். இப்போது நேரமில்லாதவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கிற அன்றைக்காவது தேடிப் பிடித்துப் படியுங்கள்.

சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தட்டினால் ஒரு நொடியில் இரண்டு எண் வந்து விழுகிறது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். விமான நேரம் 17 மணிக்குச் சற்று மேல். பார்த்தவுடன் மனசு லேசாகிவிடுகிறது. "என்ன சார், 17 மணி நேரம்தானே, ராத்திரி தூங்கி எழுந்தா வந்துடப் போறாங்க" என்கிறீர்கள்.

அந்த 17 மணி எங்கிருந்து வந்தது தெரியுமா? 13,900-ஐ மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். நான் ஆறாம் வகுப்புக்குக் கரும்பலகையில் போட்ட கணக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு விமானமே கிடையாது. மீனம்பாக்கத்திலிருந்து அமெரிக்காவில் எந்த ஊருக்கும் நேரே பறக்கும் விமானம் இல்லை. இல்லாத வண்டிக்கு நேர அட்டவணை போட்டு, அதை நம்பி 70 வயது அம்மாவை ஏற்றி அனுப்புகிறீர்கள்.

தூரக் கணக்கில் தப்பில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் புவியியல் படித்தவர்களுக்கு உருண்டையும் நூலும் நினைவிருக்கும். சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் சென்னையையும் கலிபோர்னியாவையும் ஸ்கேலால் சேர்த்தால் கோடு அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே ஓடும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே ஏறி, சீனா, சைபீரியா, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கும். அந்த நூலின் நீளம்தான் 13,900. இன்னொன்றும் அந்த நூல் சொல்லும். நாம் பெங்களூரைவிடக் கிழக்கே இருப்பதால், சான்பிரான்சிஸ்கோவுக்கு நாம்தான் 70 கிலோமீட்டர் சொச்சம் பக்கம். ஆனால் 2021 ஜனவரியில் ஏர் இந்தியா தொடங்கிய நேரடி விமானம் பெங்களூருக்குத்தான் போனது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகளே வட துருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்களே, அதுதான். நாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் பெருமையாகப் பகிர்ந்தோம்.

ஜெமினி மேம்பாலத்தடியில் அமெரிக்கத் தூதரக வாசலில் நிற்கிற கூட்டம் என்ன சின்னக் கூட்டமா? விசா அரை மணி நேரத் தூரத்தில் கிடைக்கும் ஊரில் விமானம் கிடைக்காது. ஓடுபாதை சின்னது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை மூன்றரை கிலோமீட்டருக்கும் மேல். லண்டனுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் பெரிய விமானங்கள் அங்கிருந்துதான் எழும்புகின்றன. விலை அதிகமுள்ள முன்வரிசை இருக்கைகளை எந்த ஊர் நிரப்பும் என்று பார்த்துத்தான் கம்பெனிகள் விமானத்தை விடுகின்றன. பின்வரிசையில் ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு போகிற நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. இந்தச் சண்டையை வேறு நாள் வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு என் சண்டை உங்களோடு.

நேரடி விமானம் இல்லையென்றால் எங்காவது இறங்கி ஏற வேண்டும். துபாய் வழியாகப் போனால் மொத்த தூரம் ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாக 16,500. லண்டன் வழியாக 16,800. ஆக, நீங்கள் பார்த்த 13,900 முதல் அடியிலேயே செத்துப்போகிறது. பறக்கிற நேரமும் 20 மணியைத் தொடும் அல்லது தாண்டும். இதுவும் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும்தான்.

இப்போது நான் கணக்குப் போடுகிறேன். சைதாப்பேட்டை வீட்டு வாசலிலிருந்து. வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்புகின்றன. அந்த நேரத்தில் மெட்ரோ கிடையாது. காலை 4 மணி விமானம் என்றால், பெட்டிகளை இறக்கி டாக்ஸியில் ஏற்றும்போது இரவு பதினொன்றரை. விமானம் எழும்பும் வரை நாலரை மணி நேரம். வளைகுடாவுக்கு 4 மணி. அங்கே காத்திருப்பு 3 மணி. அடுத்த விமானம் 16 மணி. இறங்கிக் குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர 2 மணி. உங்கள் வீடு ஃபிரிமான்ட் பக்கமோ சான்ஹோசே பக்கமோ இருந்தால் காரில் இன்னும் ஒரு மணி. கூட்டிப் பாருங்கள். முப்பதரை மணி நேரம். இது எல்லாம் சரியாக நடந்தால், நல்ல டிக்கெட்டில். 17 எங்கே, முப்பதரை எங்கே?

இனி மட்டமான டிக்கெட்டுக்கு வருகிறேன். போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் அவன் அம்மாவுக்கு எடுத்தது. பெயர் சொல்ல மாட்டேன், நல்ல பையன். சென்னையிலிருந்து தில்லி, அங்கே ஏழு மணி நேரம் காத்திருப்பு. தில்லியிலிருந்து ஐரோப்பாவில் ஓர் ஊர், அங்கே ஐந்து மணி நேரம். பிறகு சான்பிரான்சிஸ்கோ. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் 43 மணி நேரம். அந்த அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு, இங்கிலீஷ் "தேங்க்யூ"வோடு முடிந்துவிடும். மகளின் பிரசவத்துக்குப் போனவர். வீல்சேர் சொல்லியிருந்தான். சொன்னபடி வந்தது. தள்ளி வந்தவர் ஒரு வாசலருகே விட்டுவிட்டுப் போய்விட்டார். விமானத்துக்கான வாசல் மாறியது, அறிவிப்பு இவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு தெலுங்குப் பெண் பார்த்துச் சொல்லியிராவிட்டால் விமானம் போயிருக்கும். கழிப்பறைக்கு யாரைக் கேட்டுப் போவது என்று பயந்து, அந்த இரண்டு நாளும் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. போய் இறங்கியபோது செருப்பு காலில் நுழையவில்லை.

நான் அவனைப் போனில் கேட்டேன். "சார், மொத்த ஃப்ளைட் டைமே 23 மணிதான் சார், மீதியெல்லாம் வெயிட்டிங்" என்றான். வெயிட்டிங் என்றால் என்ன, காற்றில் கரைந்து போகிற நேரமா? ஆகாயத்தில் இருக்கும்போதாவது யாரோ சோறு கொண்டு வந்து கொடுக்கிறார்கள், எங்கே போக வேண்டும் என்ற கவலை இல்லை. வயதானவர்களைக் கொல்வது தரையில் இருக்கும் நேரம்தான். அதைத்தான் நீங்கள் கணக்கில் கழித்துவிடுகிறீர்கள். எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். 22,000 ரூபாய். அவன் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிற கைப்பேசியின் விலையைவிடக் குறைவு.

உடனே கருத்துப் பகுதியில் வருவீர்கள், "சார், எல்லாருக்கும் பணம் கொட்டிக் கிடக்கல" என்று. ஒப்புக்கொள்கிறேன். கடன் வாங்கிப் படிக்கப் போன பிள்ளைகள் உங்களில் இருக்கிறீர்கள், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தப் பதிவு இல்லை. ஆனால் இரண்டு கார், சொந்த வீடு, கோடை விடுமுறைக்கு ஹவாய் என்று படம் போடுகிறவர்கள் பெற்றோருக்கு மட்டும் டிக்கெட் பட்டியலை "விலை குறைந்தது முதலில்" என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? நீங்கள் உங்களுக்கு எடுக்கும்போது அப்படியா வரிசைப்படுத்துகிறீர்கள்?

"அம்மாவே மலிவா பாத்து எடுடான்னு சொன்னாங்க" என்பது அடுத்த சமாதானம். சொல்லத்தான் செய்வார்கள். பஸ்ஸில் போக ஆட்டோ எதற்கு என்று சைதாப்பேட்டை மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பை தூக்கி நடந்தவர்கள், மகன் காசு வீணாவதற்குச் சம்மதிப்பார்களா? அவர்கள் சொல்வது அனுமதி இல்லை, பழக்கம். அதை அனுமதியாக எடுத்துக்கொள்வது உங்களுக்கு வசதி.

இந்தப் பயணம் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல இருக்காது. ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாகத்தான் வைத்திருப்பார்கள். ஊட்டி ஏழாயிரத்துச் சொச்சம் அடி. அதாவது உங்கள் அப்பாவை ஊட்டி மலையில் ஒரே நாற்காலியில் 16 மணி நேரம் உட்கார வைக்கிறீர்கள், அதுவும் ஊட்டியின் ஈரம் இல்லாமல் வறண்ட காற்றில். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-லேயே சொன்னது. பயமுறுத்தவில்லை. திடமான உடம்புக்காரர்களில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வருவது. ஆனால் உங்கள் அப்பா திடமான உடம்புக்காரரா? முட்டி அறுவை செய்தவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர், எழுந்து நடக்கச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பச் சங்கடப்பட்டு உட்கார்ந்தே இருப்பவர். ஓரத்து இருக்கைக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள் என்று நடு இருக்கையில் போட்டிருப்பீர்கள்.

கடிகாரம் செய்யும் ஏமாற்று வேலை தனி. வகுப்பில் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சென்னைக்குப் பக்கம் துபாயா, சிங்கப்பூரா? டிக்கெட்டைப் பார்த்தால் துபாய் என்று தோன்றும். காலை 10 மணிக்குக் கிளம்பினால் துபாயில் பன்னிரண்டரைக்கு இறங்கலாம், சிங்கப்பூரில் இறங்க மாலை 5 ஆகிவிடும். உண்மையில் இரண்டுமே 2,930 கிலோமீட்டர் அளவுதான், ஏறத்தாழ நாலு மணி நேரப் பறப்பு. ஒன்று மேற்கே ஒன்றரை மணி பின்தங்கியிருக்கிறது, மற்றது கிழக்கே இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அமெரிக்கா விஷயத்தில் இந்த வித்தியாசம் பனிக்காலத்தில் பதின்மூன்றரை மணி, கோடையில் பன்னிரண்டரை. செவ்வாய் அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் ஏறினால் அதே செவ்வாய் நண்பகலையொட்டிச் சான்பிரான்சிஸ்கோவில் இறங்குகிறார்கள். பேத்தி கேட்கிறாள், "பாட்டி எட்டு மணி நேரத்துல வந்துட்டாங்களா?" குழந்தை கேட்கலாம். சில பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

திரும்பி வரும்போது கடிகாரம் தலைகீழாக அடிக்கும். நான் சொன்ன அந்த முதல் பெங்களூர் விமானம் 9-ம் தேதி இரவு அங்கே கிளம்பி 11-ம் தேதி அதிகாலைதான் இங்கே இறங்கியது. பறந்தது 17 மணி நேரம். நாட்காட்டியில் இரண்டு தாள் கிழிந்தது. நேரடி விமானத்துக்கே அப்படி. இதை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறீர்கள்? இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு "ராத்திரி" எப்போது? சென்னை ராத்திரியா, வளைகுடா ராத்திரியா, கலிபோர்னியா ராத்திரியா? பயணத்துக்கு முன்னால் மருத்துவரிடம் கேட்டு, நம் ஊர் நேரத்தில் எத்தனை மணிக்கு எந்த ஊசி என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, சட்டைப் பையில் வையுங்கள். கையில் ஒரு பழைய கடிகாரம், அதை மாற்றவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தூரம் மாறாது, நேரம் மாறும் என்பதற்கு இன்னொரு உதாரணம் கண்முன்னே நடந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை நம் விமானங்களுக்கு மூடியது. தில்லிக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட நீளவில்லை. ஆனால் சுற்றிப் போக வேண்டியதானது, சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்தன. காற்றும் சும்மா இருப்பதில்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பெருங்காற்று இருப்பதால் லண்டனுக்குப் போக ஆகும் நேரத்தைவிட லண்டனிலிருந்து வர ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி குறைவு. ஆகையால் அச்சடித்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த விமானத்துக்கு 55 நிமிட இடைவெளி விட்டு டிக்கெட் எடுக்கும் புத்திசாலிகளே, அதுவும் வேண்டாம். ஏழு மணி நேரம் உட்கார வைப்பது ஒரு கொடுமை என்றால், முட்டி வலிக்காரரை ஓட வைப்பது இன்னொரு கொடுமை.

இதில் எழுதக் கூசும் விஷயம் ஒன்று உண்டு. எழுதத்தான் வேண்டும். "ஒண்ணும்னா ஒரே நாள்ல வந்துடுவேன்" என்று அப்பா அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த 17 மணியை நம்பித்தான் கொடுத்தீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் போனபோது பார்த்தேன். ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றி உறவினர்கள் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுகிறார்கள்: "திங்கக்கிழமை ராத்திரி ஏறிட்டானாம், செவ்வாய் சாயங்காலம் வந்துடுவான், கண்ணம்மாபேட்டைக்குச் சொல்லிடலாமா?" அங்கே திங்கள் இரவு 9 மணி என்றால் நமக்குச் செவ்வாய் காலை பத்தரை. 22 மணி நேரப் பயணம் கூட்டினால் புதன் காலை எட்டரை. அதுவும் உடனே டிக்கெட் கிடைத்து, எங்கும் தாமதம் ஆகாமல் இருந்தால். சேதி போனதிலிருந்து பிள்ளை வாசலில் கால் வைக்கும் வரை ஒன்றரை நாளுக்குக் குறையாது, இரண்டு நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அவசரத்தில் நாள் குறித்துவிட்டு மகனை ஆகாயத்தில் தவிக்க விடுகிற நிலைமை வராது. அந்த வீட்டில் வந்தது. பையன் வளைகுடாவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. வீடியோவில் காட்டினார்கள்.

இயற்கையும் கேட்டுக்கொண்டு வராது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி மறைமலை அடிகள் பாலத்தைத் தொட்டு ஓடியபோது விமான நிலையம் பல நாள் மூடியே கிடந்தது. அடையாற்றின் மேலேயே ஒரு ஓடுபாதையைப் பாலம் கட்டி நீட்டியிருக்கிறோம், வேறென்ன நடக்கும்? அன்றைக்கு 17 மணி நேரம் என்று கையில் எண் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் கிடந்தார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். 65 தாண்டியவர்களுக்கு ஓரிடத்தில் மட்டும் இறங்கி ஏறுகிற டிக்கெட். அந்த ஒரு மாற்றமும் வெளிநாட்டில் இருக்கட்டும். சென்னையிலேயே குடியேற்றம் முடிந்து, பெட்டி கடைசி ஊருக்கே போகும்படி. நடுவில் இரண்டரை மணியிலிருந்து நாலு மணி நேரம். எல்லாம் ஒரே டிக்கெட்டில். இரண்டு கம்பெனியில் தனித்தனியாக எடுத்து ஒட்டுப்போட்டால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி கைவிரித்துவிடும். நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடி போட, அந்த நாட்டுக்குள் நுழைய விசாவே கேட்கலாம். அமெரிக்காவில் உள்நாட்டு விமானம் மாற வேண்டிய ஊராக இருந்தால், முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றம், பெட்டி எடுப்பு, சுங்கம், மறுபடி பெட்டி போடுவது எல்லாம் பெரும்பாலும் நடக்கும். 23 கிலோ பெட்டி இரண்டு, உள்ளே வத்தலும் பருப்புப் பொடியும். முடிந்தால் நீங்கள் அந்த முதல் ஊருக்கே காரிலோ விமானத்திலோ போய் நில்லுங்கள். ஓரத்து இருக்கைக்குப் பணம் கட்டுங்கள். சைவச் சாப்பாட்டை முன்னாலேயே சொல்லுங்கள்.

கூடவே, தூரத்தையும் விமான நேரத்தையும் எனக்கு அனுப்பாதீர்கள். வீட்டிலிருந்து டாக்ஸி கிளம்பும் நேரம், உங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கும் நேரம், இரண்டையும் சென்னை நேரத்தில் எழுதி அனுப்புங்கள்.

மே மாதப் பயணத்துக்கு இப்போதே டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாக மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் விவரத்தை உள்பெட்டியில் போடுங்கள். நான் தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறேன், பேப்பரும் பென்சிலும் இருக்கிறது, உட்கார்ந்து கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். 32 மணிக்கு மேல் வந்தால் உங்கள் அம்மாவிடமே சொல்லிவிடுவேன்.